ஊட்டி தனியார் பார்க்கிங்கில் சக்கரத்துக்குப் பூட்டு, 1,000 ரூபாய் "அபராதம்". கட்டித் தொலைத்துவிட்டேன், திரும்ப வாங்க வழி உண்டா?

மூணாவது_கியர் | ஞாயிறு காலை

நான் கோத்தகிரி. நேற்று அம்மாவைக் கண் டாக்டரிடம் காட்ட ஊட்டிக்குக் கூட்டிப் போயிருந்தேன். மே மாதத்துச் சனிக்கிழமை ஊட்டிக்குள் காரை எடுத்துக்கொண்டு போகிறவன் மடையன் என்று நீங்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், ஆனால் டாக்டர் கொடுத்த தேதி அது. சேரிங் கிராஸிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு கடை வளாகம், அதன் பின்பக்கச் சரிவைச் சீவி இருபது முப்பது கார் நிற்கிற மாதிரி இடம் பண்ணியிருக்கிறார்கள், வாசலில் கயிறு கட்டி ஒரு பையன். மணிக்கு 60 ரூபாய் என்றான். 2 மணி நேரத்துக்கு 120 வாங்கிக்கொண்டு ரோஸ் கலர் டோக்கன் ஒன்று கிழித்துக் கொடுத்தான். அதில் வண்டி நம்பரும் 11.10 என்ற நேரமும் பேனாவால் எழுதியிருக்கிறது, வேறு எதுவும் இல்லை.

கண்ணில் சொட்டு மருந்து விட்டால் எப்படி என்று தெரிந்திருக்கும், கண்பாப்பா விரிகிற வரைக்கும் பெஞ்சில் கண்ணை மூடி உட்கார வேண்டும், விரியவில்லை என்றால் மறுபடியும் விடுவார்கள். அம்மாவுக்கு மூன்று தடவை விட்டார்கள். நாங்கள் திரும்பி வரும்போது 1.50. ஆக 40 நிமிடம் கூடிவிட்டது, அது என் தப்பு, மறைக்கவில்லை. இன்னொரு மணி நேரத்துக்கான 60 ரூபாயைக் கையில் எடுத்துக்கொண்டேதான் வந்தேன்.

வந்து பார்த்தால் முன் சக்கரத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த இரும்புக் கவ்வி, பெயின்ட் உரிந்த இடமெல்லாம் துரு, அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திண்டுக்கல் பூட்டு. குரங்குக் குல்லா போட்ட ஒருவர் வந்து "டைம் ஓவர் சார், ஆயிரம் ரூபா ஃபைன், கட்டுனா தொறந்துடலாம்" என்றார். எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். உள்ளே ஜெனரேட்டர் ரூம் சுவரைக் காட்டினார். ஏ4 தாள் ஒன்று லேமினேட் பண்ணி ஒட்டியிருக்கிறது: "நேரம் கடந்தால் ரூ.1000 அபராதம். வாகனங்கள் உரிமையாளர் பொறுப்பில்." வாசலில் இருக்கிற பெரிய பலகையில் கட்டணம் மட்டும்தான், அபராதம் பற்றி ஒரு எழுத்து கிடையாது.

தூறல் வேறு. அம்மா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாமல், பக்கத்துக் காரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சீசனுக்கு இறங்குகிற வண்டியெல்லாம் எங்கள் கோத்தகிரி வழியாகத்தான் விடுகிறார்கள், இருட்டினால் நெரிசலில் வீடு போய்ச் சேர முடியாது. கட்டிவிட்டேன். நைலான் கயிற்றில் தொங்கிய க்யூ.ஆர். அட்டையை ஸ்கேன் பண்ணினால் வளாகத்தின் பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. ரசீது கேட்டதற்கு என் டோக்கனையே வாங்கித் திருப்பி, பின்பக்கம் "1000 ஃபைன்" என்று எழ்திக் கொடுத்தார். ஆமாம், எழ்தி. கையெழுத்து இல்லை.

டோக்கன் பத்திரமாக இருக்கிறது. பூட்டோடு சக்கரத்தைப் போட்டோ எடுத்தேன். அந்தச் சுவர்த் தாளையும் எடுத்தேன். இதற்கு மேல் என்ன செய்யலாம்?

வர்க்கி_வெறியன் | ஞாயிறு காலை

விடுங்கள் நண்பா. ஆயிரம் ரூபாய்க்கு அலைந்தால் பெட்ரோலுக்கே ஆயிரம் போய்விடும். சீசனில் ஊட்டி இப்படித்தான், டீ முப்பது ரூபாய், மூத்திரம் போக இருபது ரூபாய். அம்மா கண் நல்லா இருந்தால் சரி.

மூணாவது_கியர் | ஞாயிறு காலை

கண் நல்லாத்தான் இருக்கிறது, புரை ஆரம்பம் என்றார்கள், இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாமாம். பணம்கூட இல்லை அண்ணா, அம்மா வீடு வரைக்கும் "என்னாலதானே" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அதுதான் உறுத்துகிறது.

டாப்_சிலிப் | ஞாயிறு மதியம்

ப்ரோ, தனியார் யாரும் பார்க்கிங்குக்குக் காசே வாங்கக் கூடாது, கோர்ட் தீர்ப்பு இருக்கிறது. அந்த 120-ஐயும் சேர்த்துத் திரும்பக் கேளுங்கள். ஒரு லட்சம் நஷ்ட ஈடு போடுங்கள்.

வக்கீல்_குமாஸ்தா | ஞாயிறு மாலை

மேலே உள்ள யோசனையைக் கேட்டு நடந்தால் கையில் இருப்பதும் போகும். 2019-ல் குஜராத் உயர் நீதிமன்றம் மால்கள் கட்டணம் வாங்கக் கூடாது என்றது உண்மை, கேரள உயர் நீதிமன்றம் வாங்கலாம் என்ற பக்கம் போயிருக்கிறது. அதெல்லாம் மால் வழக்கு, கட்டட அனுமதியில் காட்டிய பார்க்கிங் இடத்தைப் பற்றியது. உங்கள் விஷயம் அதில்லை. நீங்கள் கட்டணம் தெரிந்துதான் உள்ளே போனீர்கள், 120 சரி, கூடுதல் மணிக்கு 60-ம் சரி. சண்டை மீதி 940 ரூபாய்க்கு. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் நியாயமாகக் கொடுக்க வேண்டியதை ஒத்துக்கொண்டு மீதியைக் கேட்கிறவனுக்குத்தான் எந்த மேஜையிலும் மரியாதை.

இப்போது அந்த "அபராதம்" என்ற வார்த்தை. அபராதம் போட சட்டம் யாருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறதோ அவர்கள்தான் போட முடியும். ரோட்டில் தப்பாக நிறுத்தினால் போலீஸ் மோட்டார் வாகனச் சட்டப்படி சலான் போடும், 177-வது பிரிவில் முதல் தடவை 500, அடுத்த தடவை 1,500 வரை. பாருங்கள், நடுரோட்டில் நிறுத்தியிருந்தால்கூட அரசாங்கம் 500-தான் கேட்டிருக்கும். தனியார் இடத்துக்காரர் உங்களோடு போட்டிருப்பது ஒரு ஒப்பந்தம், அவ்வளவுதான். ஒப்பந்தத்தை மீறினால் அவர் கேட்கக்கூடியது நஷ்ட ஈடு. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 74 என்ன சொல்கிறது என்றால், ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருந்தாலும் அது உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான ஈடு எவ்வளவோ அதுதான் கிடைக்கும். 1963-லேயே ஃபதே சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியாயிற்று, 2015-ல் கைலாஷ் நாத் வழக்கில் இன்னும் தெளிவாக, நஷ்டமே இல்லாத இடத்தில் ஈடும் இல்லை என்று சொன்னது. 40 நிமிடத்தில் அவருக்கு என்ன நஷ்டம்? இன்னொரு கார் வந்து நின்றிருந்தால் 60 ரூபாய். ஆயிரம் என்பது கிட்டத்தட்ட 17 மணி நேர வாடகை.

அதுவும்கூட அந்த நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தால்தான். காசு வாங்கி டோக்கன் கொடுத்த நிமிடத்தோடு ஒப்பந்தம் முடிந்தது. அதற்கு அப்புறம் ஜெனரேட்டர் ரூம் சுவரில் நீங்கள் எதைக் கண்டுபிடித்தாலும் அது உங்களைக் கட்டுப்படுத்தாது. வாசல் பலகையைப் போட்டோ எடுத்தீர்களா? இல்லையென்றால் யாரையாவது விட்டு இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள், நாளைக்கு அதில் ஒரு வரி கூடியிருக்கும்.

ஃபெர்ன்ஹில்_மாமி | ஞாயிறு மாலை

நான் நாளைக்கு மார்க்கெட் போகிறேன், எந்த இடம் என்று தனிச் செய்தியில் சொல்லப்பா, எடுத்து அனுப்புகிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

ரிட்டயர்டு_ஏட்டு | ஞாயிறு இரவு

முப்பத்தோரு வருஷம் சர்வீஸ், அதில் ஏழு வருஷம் மலையில். தம்பி, அந்த இடத்திலேயே 112-க்கு அடித்திருக்க வேண்டும். ரோந்து வண்டி வருகிறதோ இல்லையோ, போன் போட்டதற்கே பாதிப் பேர் பூட்டைத் திறந்துவிடுவார்கள். பூட்டை உடைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள், உடைக்கவே கூடாது, அப்புறம் நீங்கள் பிரதிவாதி ஆகிவிடுவீர்கள்.

இப்போதும் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கலாம். பாரதிய நியாய சன்ஹிதா 126-வது பிரிவு, பழைய ஐபிசியில் 341. முறையில்லாமல் தடுத்தல், ஒரு மாதம் வரை வெறுங்காவல், அல்லது 5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் ஒன்று கவனி. சட்டம் ஆளைத் தடுப்பதைப் பற்றிப் பேசுகிறது. "வண்டியைத்தானே பூட்டினோம், ஆள் நடந்து போகலாமே" என்பார்கள். அதனால் மனுவில் "காருக்குப் பூட்டுப் போட்டார்கள்" என்று மட்டும் எழுதாதே. கண் பரிசோதனை முடிந்து பார்வை மங்கியிருந்த அறுபத்து சொச்சம் வயது அம்மாவோடு நான் புறப்பட முடியாதபடி இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை தடுத்து வைத்துப் பணம் கேட்டார்கள் என்று எழுது. நடந்ததுதானே, கூட்டி எழுதச் சொல்லவில்லை.

மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதே. அந்தத் துண்டுத் தாள்தான் பின்னால் பேசும்.

லெஸ்டர்_டு_குன்னூர் | திங்கள் அதிகாலை

பிறந்தது குன்னூர், இப்போது இங்கிலாந்தில் நர்ஸ். படிக்கப் படிக்கச் சிரிப்பு வருகிறது, ஏனென்றால் இங்கே இது ஒரு தேசிய வியாதி. கவுன்சில், அதாவது நம்ம ஊர் நகராட்சி மாதிரி, கொடுக்கிற சீட்டும் பி.சி.என்., தனியார் கம்பெனி கொடுக்கிற சீட்டும் பி.சி.என். முதலாவதில் பி என்றால் பெனால்டி, இரண்டாவதில் பார்க்கிங். "அபராதம்" என்று போட அவர்களுக்கு அதிகாரம் இல்லை, அதனால் எழுத்து ஒன்றாக வருகிற மாதிரி "பார்க்கிங் கட்டண அறிவிப்பு" என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். மஞ்சள் பிளாஸ்டிக் உறை, கறுப்புக் கட்டம், பார்த்தால் கோர்ட்டே வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். நான் வந்த புதிதில் பயந்து 60 பவுண்டு கட்டியிருக்கிறேன்.

பூட்டு மட்டும் இங்கே நடக்காது. தனியார் நிலத்தில் சக்கரத்தைப் பூட்டுவது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012 அக்டோபர் 1 முதல் குற்றம். ஸ்காட்லாந்தில் அதற்கு இருபது வருஷம் முன்னாலேயே, 1992-ல், காரைப் பூட்டி வைத்துக் காசு கேட்பது மிரட்டிப் பணம் பறிப்பதுதான் என்று கோர்ட் சொல்லிவிட்டது. ஏட்டு ஐயா சொன்ன ஆளா வண்டியா என்ற சந்தேகத்துக்கு அங்கே கிடைத்த பதில் அது.

ஆனால் உங்கள் வழக்கு இங்கே நடந்திருந்தால் ஜெயித்திருப்பீர்கள் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அதே 2015-ல் இங்கே ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, பார்க்கிங்ஐ எதிர் பீவிஸ். செம்ஸ்ஃபோர்டில் ஒரு கடைவீதி பார்க்கிங், 2 மணி நேரம் இலவசம், அவர் 56 நிமிடம் அதிகம் நின்றார், 85 பவுண்டு கேட்டார்கள், கொடுக்கத்தான் வேண்டும் என்று தீர்ப்பு. கம்பெனிக்கு நேரடி நஷ்டம் இல்லாவிட்டாலும் இடம் சுழற்சியில் இருக்க வேண்டும் என்பது நியாயமான காரணம் என்றார்கள். ஆனால் அந்தத் தீர்ப்பில் முக்கியமாகப் பேசப்பட்டது பலகைகள். வாசலிலும் உள்ளேயும் பெரிதாக, கண்ணில் படாமல் இருக்கவே முடியாதபடி வைத்திருந்தார்கள். உங்கள் ஏ4 தாள் ஜெனரேட்டர் ரூமில். அதோடு இங்கே நேரம் முடிந்த பிறகு 10 நிமிடம் சலுகை விட வேண்டும், கேமராவில் பிடித்தால் 14 நாளுக்குள் வண்டி உரிமையாளருக்கு நோட்டீஸ் வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டியது யார் என்று தெரியாமல் உரிமையாளரிடம் கேட்க முடியாது. மறுத்துவிட்டால் பாப்லா என்று தனியாக ஒரு மேல்முறையீட்டு அமைப்பு, இலவசம். ஆயிரம் குறை சொல்லலாம், ஆனால் எழுதிக் கேட்க ஒரு முகவரி இருக்கிறது.

கொடை_லாட்ஜ் | திங்கள் காலை

எல்லாரும் ஒரு பக்கமே பேசுகிறீர்கள். நான் கொடைக்கானலில் சின்ன லாட்ஜ் வைத்திருக்கிறேன், பதினான்கு கார் நிற்கிற இடம். ரூம் எடுத்தவர்களுக்காக வைத்த இடத்தில் யாரோ ஒருவர் "ரெண்டு நிமிஷம்ணா" என்று விட்டுவிட்டு ஏரியைச் சுற்றப் போய்விடுவார், ஏரி 5 கிலோமீட்டர், குதிரை ஏறிச் சோளம் தின்று வர மூன்று மணி நேரம். என் விருந்தாளி குழந்தை குட்டியோடு ரோட்டில் நிற்பார். மலைக்கு வர இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று வந்த பிறகு 2025 சீசனுக்குக் கோர்ட் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று கணக்கு வைத்தது, வார நாளில் இங்கே 4,000, சனி ஞாயிறு 6,000, உங்கள் ஊட்டிக்கு 6,000, 8,000. அந்த 6,000 கார் எங்கே நிற்கும் என்று யாராவது கேட்டார்களா? மலையில் சமதளம் என்பது தங்கம் சார். சரிவைச் சீவித் தடுப்புச் சுவர் கட்டினவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

நாங்களும் ஒரு காலத்தில் பூட்டு வைத்திருந்தோம். மறைக்கவில்லை.

மூணாவது_கியர் | திங்கள் காலை

நீங்கள் சொல்வது புரிகிறது அண்ணா. ஆனால் நான் உங்கள் விருந்தாளி இடத்தைத் திருடவில்லை, காசு கொடுத்து நின்றவன். கூடுதல் மணிக்கு 60 என்ன, 120 வாங்கியிருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அப்புறம் ஏன் பூட்டை நிறுத்தினீர்கள்?

கொடை_லாட்ஜ் | திங்கள் மதியம்

ஒரு நாள் பூட்டின வண்டியின் பின் சீட்டில் ஒரு பையனுக்கு ஃபிட்ஸ். சாவி வைத்திருந்த எங்கள் ஆள் சாப்பிடப் போயிருந்தான். பதினொரு நிமிடம். பையன் பிழைத்தான். அன்றைக்கே அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். இப்போது வாசலில் செயின் மட்டும்.

சரி, உங்கள் ஆளுக்கு ஆயிரம் அநியாயம்தான். எழுதிக் கேளுங்கள்.

டாப்_சிலிப் | திங்கள் மதியம்

அந்தத் தாளில் "உரிமையாளர் பொறுப்பில்" என்றும் இருக்கிறதே, அப்போ பூட்டுப் போட்டு ரிம்மில் கீறல் விழுந்தால்கூடக் கேட்க முடியாதா? சும்மா சந்தேகம்.

வக்கீல்_குமாஸ்தா | திங்கள் மாலை

நல்ல சந்தேகம், முதல் யோசனையை மன்னித்தேன். அந்த வரியை ஊரெல்லாம் மாட்டி வைத்திருக்கிறார்கள், அதை மந்திரம் மாதிரி நினைக்கிறார்கள். 1998-ல் டெல்லியில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் ஊழியரிடம் சாவி கொடுத்து விட்ட மாருதி ஜென் திருடு போனது. டோக்கனில் இதே மாதிரி வாசகம். வழக்கு இருபத்தோரு வருஷம் ஓடி 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது, தன் அலட்சியத்துக்கு ஹோட்டல் அந்த வாசகத்தின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது என்று. அது சாவியை அவர்களிடமே ஒப்படைத்த வழக்கு, இது நாமே நிறுத்திச் சாவியை எடுத்துக்கொண்டது, வித்தியாசம் உண்டு. ஆனால் அவர்களே மாட்டிய இரும்பால் வந்த கீறலுக்கு உங்கள் பொறுப்பு என்று சொல்ல முடியாது.

மூணாவது_கியர், அடுத்து செய்ய வேண்டியது கடிதம். வக்கீல் நோட்டீஸ் கூடத் தேவையில்லை, நீங்களே எழுதலாம். கோபம் வேண்டாம், பெயரடை வேண்டாம். மணி, தொகை, டோக்கன், யு.பி.ஐ. எண். எழுதி இங்கே போடுங்கள், பார்த்துத் தருகிறேன்.

ஃபெர்ன்ஹில்_மாமி | திங்கள் மாலை

போட்டோ அனுப்பிவிட்டேன். வாசல் பலகையில் "கார் 60, வேன் 100, பைக் 20" மட்டும்தான். அந்தக் குல்லா ஆள் எதுக்கும்மா போட்டோ என்றார். என் பேரன் அமெரிக்காவிலிருந்து வருகிறான், பார்க்கிங் எவ்வளவு என்று கேட்டான் என்று சொன்னேன். எனக்குப் பேரனே கிடையாது.

மூணாவது_கியர் | புதன் இரவு

மாமிக்குக் கோடி நன்றி. கடிதம் இதுதான், வளாக உரிமையாளருக்கு ஒன்று, பார்க்கிங்கைக் குத்தகைக்கு எடுத்தவருக்கு ஒன்று, பெயர் நம்பரெல்லாம் எடுத்துவிட்டுப் போடுகிறேன்:

"சனிக்கிழமை காலை 11.10 மணிக்குத் தங்கள் வளாகத்தின் பின்புறம் எனது காரை நிறுத்தி 2 மணி நேரத்துக்கு ரூ.120 செலுத்தினேன். 1.50 மணிக்குத் திரும்பினேன். கூடுதல் நேரத்துக்கு வாசல் பலகையில் கண்டபடி ரூ.60 செலுத்தத் தயாராக இருந்தேன். அதைப் பெற மறுத்து, சக்கரத்தில் பூட்டு மாட்டி, ரூ.1,000 செலுத்தினால்தான் திறப்போம் எனத் தங்கள் ஊழியர் கூறினார். கண் பரிசோதனை முடிந்து பார்வை தெளிவில்லாமல் இருந்த என் தாயார் உடனிருந்ததால் வேறு வழியின்றி, ஆட்சேபத்துடன், கீழ்க்கண்ட யு.பி.ஐ. எண் வழியாக ரூ.1,000 செலுத்தினேன். முறையான ரசீது தரப்படவில்லை. அபராதம் விதிக்க எந்தச் சட்டத்தின் கீழ், எந்த அலுவலரிடமிருந்து தங்களுக்கு அதிகாரம் வழங்கப்பட்டது என்பதைத் தெரிவிக்கவும். இல்லையெனில், எனது கூடுதல் நேரக் கட்டணம் ரூ.60 போக மீதி ரூ.940-ஐ இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் திருப்பித் தரவும். தவறினால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் செய்வேன்."

வக்கீல்_குமாஸ்தா | வியாழன் காலை

"ஆட்சேபத்துடன்" என்ற வார்த்தையை எடுத்துவிடுங்கள், பணம் கட்டும்போது வாய் திறந்து ஆட்சேபித்தீர்களா?

மூணாவது_கியர் | வியாழன் காலை

"இது அநியாயம்ணே" என்றேன்.

வக்கீல்_குமாஸ்தா | வியாழன் காலை

அதுதான் ஆட்சேபம். இருக்கட்டும். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்த விவரத்தை பிரிண்ட் எடுத்து வையுங்கள்.

ஆணையம் வரைக்கும் போவதானால் இரண்டு விஷயம். ரசீது தராததே 2019 நுகர்வோர் சட்டத்தில் முறையற்ற வணிக நடவடிக்கை, அதைத் தனியாக எழுதுங்கள். நஷ்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத தண்டத்தொகை போடுவதை அதே சட்டம் "நியாயமற்ற ஒப்பந்தம்" என்கிறது, படித்தால் நமக்கே எழுதின மாதிரி இருக்கும், ஆனால் அங்கேதான் குழி. நியாயமற்ற ஒப்பந்தம் என்று தலைப்பிட்டால் அது மாவட்ட ஆணையத்தின் வரம்பில் வராது, சென்னையில் மாநில ஆணையத்துக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடவடிக்கை, இந்த இரண்டோடு நில்லுங்கள், ஊட்டியிலேயே முடியும். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், ஆனால் இரண்டு வாரத்தில் போட்டால்தான் உங்களுக்குச் சூடு இருக்கும். ஆன்லைனில் இ-ஜாக்ருதி தளத்திலேயே ஏற்றலாம். நஷ்ட ஈடு ஒரு லட்சம் கேட்கலாமா என்று மேலே ஒருவர் கேட்டார், கேட்டால் சிரிப்பார்கள்.

வர்க்கி_வெறியன் | வியாழன் மதியம்

நான் விடச் சொன்னவன்தான், ஆனால் இப்போது முடிவு தெரியாமல் தூக்கம் வராது. நகராட்சியிலும் ஒரு ஆர்.டி.ஐ. போட்டு விடுங்கள், அந்த இடத்துக்குப் பார்க்கிங் நடத்த உரிமம் கொடுத்திருக்கிறார்களா, கட்டட வரைபடத்தில் அது என்ன என்று. 10 ரூபாய்தான், 30 நாளில் பதில் சொல்ல வேண்டும்.

மூணாவது_கியர் | பதினாறு நாள் கழித்து

தாமதத்துக்கு மன்னிக்கவும், தோட்ட வேலை. நடந்தது இது.

கடிதம் போய்ச் சேர்ந்தது, சத்தமே இல்லை. இடையில் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன், தமிழில் பேச ஆள் கிடைத்தது, புகார் எண் கொடுத்தார்கள். ஏட்டு ஐயா சொன்னபடி ஸ்டேஷனில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். வாங்கினேன். மனுவை வாங்கின சப்-இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு "அம்மாவுக்கு இப்ப கண்ணு எப்படிப்பா இருக்கு" என்றுதான் முதலில் கேட்டார்.

மூன்றாவது நாள் குத்தகைக்காரரே போன் பண்ணினார். நான் எதிர்பார்த்த குரல் இல்லை, களைத்துப்போன ஆள். "தம்பி, வருஷக் குத்தகை ஏலத்துல எடுத்தது, ரெண்டு மாசம் சீசன்ல எடுத்தாத்தான் உண்டு, மத்த நாள் இங்க குதிரைதான் நிக்கும்" என்றார். அந்த ஆயிரத்தில் பூட்டுப் போடுகிற பையனுக்கு வண்டிக்கு 200 கமிஷன் என்றும் அவரே உளறிவிட்டார். அதுதான் 40 நிமிடத்துக்குள் இவ்வளவு சுறுசுறுப்பாகப் பூட்டு வந்திருக்கிறது. எந்தச் சட்டத்தில் அதிகாரம் என்று எழுதிக் கேட்டிருந்தேனே, அதற்கு மட்டும் பதில் இல்லை. "அதெல்லாம் எழுதிக் குடுக்க வேண்டாம், காச வாங்கிக்க" என்றார்.

முழு ஆயிரத்தையும் அனுப்பிவிட்டார். நான் 60-ஐத் திருப்பி அனுப்பினேன். அவர் மறுபடி 60-ஐ அனுப்பினார். நான் மறுபடி. மூன்றாவது தடவை போன் பண்ணி "ஏம்ப்பா, கிண்டலா" என்றார். இல்லைண்ணே, நின்னதுக்கு வாடகை என்றேன். சரி என்று வைத்துக்கொண்டார்.

ஸ்டேஷனில் பணம் வந்துவிட்டது, மேல் நடவடிக்கை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆர்.டி.ஐ. பதில் இன்னும் வரவில்லை, அதை விடுவதாக இல்லை.

லெஸ்டர்_டு_குன்னூர் | அதே நாள்

அந்த 60 ரூபாய் ரகளையை இங்கே வார்டில் படித்துக் காட்டினேன். மொழிபெயர்க்கத்தான் முடியவில்லை.

ரிட்டயர்டு_ஏட்டு | அதே நாள்

நல்லது தம்பி. பூட்டு?

மூணாவது_கியர் | அதே நாள் இரவு

பூட்டு எடுத்தாயிற்று என்றார். நம்பவில்லை.

ஃபெர்ன்ஹில்_மாமி | மறுநாள் மதியம்

இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறேன். இரும்பெல்லாம் ஜெனரேட்டர் ரூம் மூலையில் கிடக்கிறது, பூனை படுத்திருக்கிறது. வாசலில் புதுப் பலகை, பெயின்ட் இன்னும் ஒட்டுகிறது, விரலில் பட்டுவிட்டது. நல்ல பெரிய எழுத்து, ரோட்டிலிருந்தே தெரிகிறது. "அபராதம்" என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. "கால தாமதக் கூடுதல் பராமரிப்புக் கட்டணம் ரூ.1000" என்று இருக்கிறது.

அந்த ஆள் என்னை அடையாளம் கண்டுகொண்டார். பேரன் வந்துட்டாரா என்று கேட்டார்.

வக்கீல்_குமாஸ்தா | மறுநாள் மதியம்

போட்டோ எடுத்தீர்களா மாமி?